'டவலைப் போடுவது' என்றால் கைவிடுவதா? ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்

கயல் | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஓர் ஆங்கில நினைவுக்குறிப்பைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். எழுதியவர் ஒரு மகள். அப்பாவுக்குப் புற்றுநோய். மூன்று முறை கீமோ ஏற்றியாகிவிட்டது, நான்காவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். அப்பாவும் சரி என்கிறார். அந்த இடத்தில் ஒரு சின்ன வாக்கியம்: "இன் த எண்ட், இட் வாஸ் மை மதர் ஹூ த்ரூ இன் த டவல்."

'கடைசியில் அம்மாதான் கைவிட்டாள்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் படித்தபோது நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. அந்த அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. அதற்கு முந்தைய இருபது பக்கமும் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவுகிறாள். 'கைவிட்டாள்' என்று எழுதினால் புருஷனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனவள் ஆகிவிடுகிறாள். அகராதியைப் பார்த்தால் 'தோல்வியை ஒப்புக்கொள்ளுதல்' என்கிறது. அதுவும் ஒட்டவில்லை.

குத்துச்சண்டையிலிருந்து வந்த வழக்கு என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கே தொடங்கியது, உண்மையில் என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை | சனி, இரவு 9.40

கயல், நம்மிடமும் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றும் இங்கே உதவாது என்றுதான் தோன்றுகிறது. 'துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினான்' என்றால் பயந்து ஓட்டம். 'தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனான்' என்றால் எல்லாம் போய் நொடித்துப்போனவன். 'துண்டு போட்டு வைத்திருக்கிறான்' என்றால் பஸ்ஸில் இடம் பிடித்தவன். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கினால் பணிவு, அதன் பின்னால் சாதிக் கதையும் உண்டு. இத்தனை இருந்தும் தோல்விக்குத் துண்டை வீசும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் சொல்லுக்குச் சொல் 'துண்டை எறிந்தாள்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், படிப்பவர் திகைத்துப்போவார்.

'வெள்ளைக்கொடி காட்டினாள்' சரிவருமா?

பழைய அகராதி | சனி, இரவு 10.25

வெள்ளைக்கொடி போர்க்களத்துச் சொல். எதிரியிடம் சரணடைவது. கயல் கேட்பது வேறு. தொடக்கத்திலிருந்தே வருகிறேன், கொஞ்சம் நீளும்.

டவல் பிந்தி வந்தது. முதலில் இருந்தது ஸ்பாஞ்ச். 'த்ரோ அப் த ஸ்பாஞ்ச்' என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சொன்னார்கள். 1860-இல் லண்டனில் வந்த ஜான் கேம்டன் ஹாட்டனின் கொச்சைச்சொல் அகராதி இதைப் பதிவு செய்திருக்கிறது. சண்டைக்காரனின் முகத்தைத் துடைக்கும் ஸ்பாஞ்சை மேலே எறிந்தால், அந்தப் பக்கம் 'போதும்' என்கிறது என்று பொருள். இதைக் கவனியுங்கள் கயல்: எறிவது சண்டைக்காரன் இல்லை, அவன் பக்கத்து ஆட்கள்.

அந்தக் காலத்துச் சண்டையைக் கண்முன்னே கொண்டுவந்தால்தான் இது புரியும். கையில் உறை கிடையாது, வெறும் முட்டி. பரிசுப்பணத்துக்கு நடக்கும் அந்தச் சண்டைகள் சட்டத்துக்குப் புறம்பானவை. போலீஸ் கண்ணில் படாமல் ஊருக்கு வெளியே வயல்வெளியில் கயிறு கட்டி நடத்துவார்கள். ஒவ்வொருவனுக்கும் இரண்டு துணையாட்கள். ஒருவன் மண்டியிட்டுத் தன் தொடையையே முக்காலியாகக் கொடுப்பான். அடிபட்டவன் அதில் உட்காருவான். இன்னொருவனிடம் தண்ணீர்ப் புட்டியும் ஸ்பாஞ்சும். ரவுண்டுக்கு நேரக் கணக்கு கிடையாது, ஒருவன் கீழே விழுந்தால் ரவுண்டு முடிந்தது. 1838-இல் வந்த லண்டன் விதிகளின்படி முப்பது விநாடி ஓய்வு. அப்புறம் எட்டு விநாடிக்குள் யார் துணையும் இல்லாமல் நடந்து, தரையின் நடுவில் கீறிய கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் தோல்வி. இன்று ஆங்கிலத்தில் ஒரு வேலை 'அப் டு ஸ்க்ராட்ச்' இல்லை, அதாவது தரத்துக்கு எட்டவில்லை என்கிறார்களே, அந்த ஸ்க்ராட்ச் இந்தக் கோடுதான்.

இப்போது அந்தத் துணையாளின் நிலையை யோசியுங்கள். ரவுண்டுகளுக்கு எல்லை இல்லை. 1860 ஏப்ரலில் ஃபார்ன்பரோவில் டாம் சேயர்ஸும் அமெரிக்கர் ஜான் ஹீனனும் மோதினார்கள். சேயர்ஸுக்குத் தொடக்கத்திலேயே வலக்கை வீணாகிவிட்டது. ஒற்றைக் கையோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார். கூட்டம் கயிற்றை மீறி உள்ளே புகுந்ததால்தான் அது நின்றது. இப்படிப்பட்ட ஆள் தானாகப் 'போதும்' என்பாரா? சொல்லமாட்டார். அவருக்காக வேறு யாராவது சொன்னால்தான் உண்டு.

டவல் வந்தது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், அமெரிக்காவில். 1913-லேயே அங்கே ஒரு நாளிதழின் சண்டைச் செய்தியில், பார்த்துக்கொண்டிருந்த கூட்டமே நடுவரிடம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச, அடி வாங்கியவனின் துணையாட்கள் நிற்கும் மூலையிலிருந்து தோல்விக்கு அடையாளமாக டவல் வந்து விழுந்தது என்று வருகிறது. ஸ்பாஞ்சை 'அப்', டவலை 'இன்' என்பதற்கு நான் நினைக்கும் காரணம்: வயலில் கூட்டத்துக்கு நடுவே எல்லோர் கண்ணிலும் பட மேலே எறிந்தார்கள். மேடை வந்தபின் நடுவர் கண்ணில் பட்டால் போதும், உள்ளே எறிந்தார்கள்.

செல்வி டீச்சர் | சனி, இரவு 10.58

அருமையான விளக்கம் ஐயா. இதோடு சேர்த்து ஒரு சந்தேகம். 'சேவ்டு பை த பெல்' (மணியால் தப்பியவன்) என்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதை, உயிரோடு புதைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து சவப்பெட்டியிலிருந்து ஒரு கயிறு கட்டி மேலே மணி வைத்தார்கள் என்பது. அதுவும் குத்துச்சண்டைதானா?

பழைய அகராதி | சனி, இரவு 11.10

குத்துச்சண்டையேதான் டீச்சர். எண்ணி முடிப்பதற்குள் ரவுண்டு முடியும் மணி அடித்துத் தப்பியவனைப் பற்றிய பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் குத்துச்சண்டைச் செய்திகளில் வரத் தொடங்குகிறது. மணி வைத்த சவப்பெட்டிகளுக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் உண்டு, அது உண்மை. ஆனால் அவற்றிலிருந்து இந்தச் சொல் பிறந்தது என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. 1999 வாக்கில் 1500-களின் வாழ்க்கை என்று ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தக் கதையை இவ்வளவு பேர் நம்ப அதுவும் ஒரு காரணம்.

செல்வி டீச்சர் | சனி, இரவு 11.16

முப்பது வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது என் பேத்திக்காவது சரியாகச் சொல்கிறேன். நன்றி ஐயா.

அருள் | ஞாயிறு, காலை 7.30

ஒரு மாற்றுக் கருத்து. மூலம் சுவையானதுதான், ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்த மூலை, துணையாள் எல்லாம் மறைந்துபோய் வெகுநாளாகிறது. 'ஐ த்ரூ இன் த டவல்' என்று தன்னைப் பற்றியே சொல்கிறார்கள். கடையை மூடியவன், தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தியவன், உடற்பயிற்சியை விட்டவன் எல்லோரும் தாங்களே டவலை எறிகிறார்கள். பேசுபவர் மனதில் ரிங்கும் இல்லை, ரத்தமும் இல்லை. 'கைகழுவிவிட்டான்' என்று நாம் சொல்லும்போது செம்பும் தண்ணீருமா ஞாபகம் வருகிறது? மொழிபெயர்ப்பவர் சொல்லின் பிறப்பைத் தோண்டி இல்லாத பொருளைப் புகுத்தக்கூடாது. 'முயற்சியை விட்டாள்' என்று எளிமையாகப் போடலாம் என்பது என் எண்ணம்.

கயல் | ஞாயிறு, காலை 8.05

நீங்கள் சொல்வது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும் அருள். ஆனால் இந்த வாக்கியத்தைப் பாருங்கள். 'மை மதர் த்ரூ இன் த டவல்' என்று இல்லை. 'இட் வாஸ் மை மதர் ஹூ' என்று அழுத்திச் சொல்கிறாள் மகள். அப்பா இல்லை, டாக்டர் இல்லை, அம்மாதான். சண்டை அப்பாவுடையது, எறிந்தது அம்மா. எழுதியவள் அந்த மூலையை மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ரிங்சைடு | ஞாயிறு, காலை 9.20

கயல் பக்கம் ஓர் ஓட்டு. உண்மையான சண்டைகளில் டவலை எறிந்தவர்களைப் பார்த்தாலே இது விளங்கும்.

1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். ஜோ லூயிஸும் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கும். முதல் ரவுண்டிலேயே ஷ்மெலிங் மூன்று முறை விழுந்தார். அவருடைய பயிற்சியாளர் மாக்ஸ் மாகோன் டவலை உள்ளே வீசினார். நியூயார்க் விதிப்படி அப்போது டவலுக்கு மதிப்பில்லை, நிறுத்துவது நடுவரின் உரிமை. நடுவர் ஆர்தர் டோனவன் அதை எடுத்துத் தூக்கி எறிந்தார். அது போய்க் கயிற்றின் மேல் தொங்கியது. அடுத்த சில நொடிகளில் அவரே சண்டையை நிறுத்திவிட்டார். மொத்தம் 2 நிமிஷம் 4 விநாடி. பழைய படச்சுருளில் அந்த வெள்ளைத் துணி கயிற்றில் தொங்குவதைப் பார்த்தால் மாகோனின் தவிப்பு தெரியும்.

இன்னொன்று டவலே இல்லாத டவல். 1975 அக்டோபர் 1, மணிலா. முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும். பதினான்கு ரவுண்டு முடிந்து ஃப்ரேசியர் மூலைக்கு வருகிறார். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல். எதிரே வரும் குத்து அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் எடி ஃபுட்ச் போதும் என்கிறார். ஃப்ரேசியர் எழப் பார்க்கிறார், அவன் எனக்கு வேண்டும் என்கிறார். ஃபுட்ச் அவரை உட்காரவைத்து, "முடிந்துவிட்டது மகனே. இன்று நீ இங்கே செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள்" என்றார். இன்னும் மூன்றே நிமிஷம்தான் பாக்கி. எதிர்மூலையில் அலியும் துவண்டு கிடந்தார். அந்த ஒரு ரவுண்டையும் ஆடவிட்டிருந்தால் ஃப்ரேசியர் ஜெயித்திருக்கலாம் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஃபுட்ச் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

அதே அலிக்கும் ஐந்து வருஷம் கழித்து, 1980 அக்டோபரில், லேரி ஹோம்ஸோடு நடந்த சண்டையில் இதே நிலை வந்தது. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். மூலையில் இருந்த இன்னொருவர் இன்னொரு ரவுண்டு பார்க்கலாம் என்று கெஞ்ச, மூலைக்குத் தலைவன் நான், நான் நிறுத்துகிறேன் என்று கத்தினார் டண்டீ.

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1982 நவம்பர், லாஸ் வேகாஸ். கொரியாவின் கிம் டுக் கூ பதினான்காவது ரவுண்டு வரை நின்றார். மூளையில் ரத்தம் கசிந்து சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகளைப் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார்கள்.

அருள் | ஞாயிறு, காலை 10.02

இவ்வளவையும் படித்தபின் கொஞ்சம் இறங்கி வருகிறேன். பொதுவாக நான் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த வாக்கியத்தில் எறிபவர் வேறு, அடிபடுபவர் வேறு. அந்த அமைப்பு இருந்தால் பழைய பொருள் மறுபடி உயிர்பெறும். ஒத்துக்கொள்கிறேன்.

மூலைக்காரன் | ஞாயிறு, மதியம் 1.45

எல்லோரும் புத்தகத்திலும் படத்திலும் பார்த்ததைச் சொல்கிறீர்கள். நான் டவல் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பசங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன், வட சென்னையில். எங்கள் பேச்சில் இதை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. 'டவல் போட்டாச்சு' என்றால் முடிந்தது, அவ்வளவுதான்.

அந்த டவல் எறிவதற்கென்று வாங்கி வைத்த டவல் இல்லை. ரவுண்டுக்கு ரவுண்டு அதே டவலால்தான் முகம் துடைக்கிறோம், அதைத்தான் விசிறி காற்று வரவைக்கிறோம். பையனுடைய வியர்வையும் மூக்கு ரத்தமும் அதில்தான் இருக்கும். ஒரு சின்ன விஷயம்: காய்ந்த டவலை எறிந்தால் காற்றில் விரிந்து கயிற்றிலேயே மாட்டிக்கொள்ளும். நனைத்துப் பிழிந்து நாலாக மடித்து வைத்திருந்தால்தான் நேராகப் போய் நடுவர் காலடியில் விழும். நான் எப்போதும் மடித்தே வைத்திருப்பேன். நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது போடக்கூடாது என்று அமெச்சூர் விதி, அதனால் நேரமும் பார்க்க வேண்டும்.

முதல்முறை போட்டது ஒரு மாவட்டப் போட்டியில். பையனுக்குப் பதினைந்து வயது. இரண்டாவது ரவுண்டு பாதியில் முகத்தைக் காக்கும் கை இறங்கிவிட்டது. கால் ஒன்றோடொன்று பின்னியது. அதெல்லாம் பரவாயில்லை, நான் பார்த்தது கண்ணை. அடிபட்டவன் கண் எதிராளியைத் தேடினால் எனக்குப் பயமில்லை. அந்தக் கண் யாரையும் தேடவில்லை, சும்மா திறந்திருந்தது. போட்டுவிட்டேன்.

பையன் கையுறை கழற்றும்வரை என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் "ஏண்ணே போட்ட, இன்னொரு ரவுண்டு இருந்துச்சுல்ல" என்றான். அவன் வீட்டுக்கு ஃபோன் செய்து, ராத்திரி தூங்கவிடாமல் மணிக்கொரு தரம் எழுப்பிப் பேசச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனோம். இரண்டு வாரம் பயிற்சிக்கு வந்தான், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் போட்டேன். டவல் போடுகிறவன் திட்டு வாங்கத் தயாராக இருக்க வேண்டும். அவன் மானத்தை எடுத்துக்கொண்டு உயிரைக் கொடுக்கிறோம். அவனாகக் கேட்டால் அது டவல் இல்லை, அவனே கை தூக்கினான் என்று அர்த்தம்.

கயல் அம்மா, உங்கள் கதையில் அப்பா 'சரி' என்கிறார் என்றீர்களே. அதனால்தான் அந்த அம்மா போட்டிருக்கிறாள்.

கயல் | ஞாயிறு, மதியம் 2.20

அண்ணே, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பத்தியில் அப்பா மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை என்று வருகிறது. அது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. கோபமும் டவலோடு சேர்ந்தது.

ரிங்சைடு | ஞாயிறு, மாலை 3.05

மூலைக்காரன் அண்ணன் சொன்ன அந்தக் கோபத்துக்கு சமீபத்திய சாட்சி டியான்டே வைல்டர். 2020 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரியோடு ஏழாவது ரவுண்டில் காதில் ரத்தம் வழிய நின்றவர். மூலையிலிருந்து மார்க் பிரேலண்ட் டவலைப் போட்டார். பிரேலண்ட் தானே ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அடி என்றால் என்ன என்று தெரிந்தவர். வைல்டர் கடைசிவரை நின்று விழவே விரும்பினேன் என்றார். பிரேலண்ட் அந்த அணியில் நீடிக்கவில்லை.

நெல்லைச்சீமை | ஞாயிறு, மாலை 4.30

என் வெள்ளைக்கொடியைத் திரும்பப் பெறுகிறேன். இப்போது தமிழுக்கு வருவோம். 'தடுத்துவிட்டாள்', 'நிறுத்திவிட்டாள்', 'போதும் என்றுவிட்டாள்'. இந்த மூன்றில் 'போதும்' எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் சண்டையை விலக்கும்போது சொல்லும் சொல் அதுதான்.

அருள் | ஞாயிறு, மாலை 4.52

'போதும்' சரி. ஆனால் குத்துச்சண்டை முழுக்கப் போய்விடுகிறதே. அந்த நினைவுக்குறிப்பில் வேறெங்கும் அந்தப் படிமம் வருகிறதா?

கயல் | ஞாயிறு, மாலை 5.10

வருகிறது. அப்பா இளமையில் தொழிற்சாலை ஊரில் சின்ன மேடைகளில் குத்துச்சண்டை போட்டவர் என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரி. அதை இந்த இழையில் முன்பே சொல்லியிருக்க வேண்டும். படிக்கும்போது சாதாரணமாகக் கடந்துபோன வரி அது.

செல்வி டீச்சர் | ஞாயிறு, மாலை 6.35

கயல், ஒன்று சொல்லலாமா. என் மாமனார் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊசி போட நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் தேடினார்கள். நாலாவது தடவை அந்தப் பெண் ஊசியை எடுத்தபோது என் மாமியார் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, இனிமே அவரைக் குத்தாதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அவர் குத்துச்சண்டையைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

நம் மொழியில் ஊசிக்கும் குத்துதான், முட்டிக்கும் குத்துதான்.

பழைய அகராதி | ஞாயிறு, மாலை 6.50

டீச்சர், ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு இல்லாத ஒன்று தமிழில் கிடைத்துவிட்டது.

மூலைக்காரன் | ஞாயிறு, இரவு 7.15

இதுதான் டவல்.

கயல் | ஞாயிறு, இரவு 10.40

அந்தப் பத்தியை மறுபடி எழுதிவிட்டேன். முதல் அத்தியாயத்தில் அப்பா மேடையேறிய வரியையும் கொஞ்சம் கூர்மையாக்கியிருக்கிறேன், இங்கே வரும்போது படிப்பவருக்கு ஞாபகம் வரும்படி. பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்று ரொம்ப நேரம் யோசித்து இப்படி முடித்திருக்கிறேன்:

"நான்காவதற்கும் அப்பா தயார் என்றார். டாக்டரும் தேதி சொன்னார். கடைசியில் அம்மாதான் எழுந்தாள். 'போதும், இனி இவரைக் குத்த வேண்டாம்' என்றாள். அப்பா மூன்று நாள் அவளோடு பேசவில்லை."

டீச்சர், உங்கள் மாமியாரின் சொல்லை எடுத்துக்கொண்டதற்கு அனுமதி உண்டுதானே?

செல்வி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.47

தாராளமாக, கயல்.